குடும்பத்தில் பிரஷர் இருக்கிறதா? முதலில் வயதைக் கேளுங்கள்

"வீட்டில் யாருக்காவது பிரஷர் இருக்கா?" என்று டாக்டர் கேட்பார். "அப்பாவுக்கு இருந்தது" என்போம். அவர் சீட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார், பேச்சு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. அப்பாவுக்கு 72 வயதில் பிரஷர் வந்ததா, 38 வயதில் வந்ததா என்பதில்தான் உங்களுக்கான செய்தி இருக்கிறது.

வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் இறுகும். அதனால் 70 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு, பரம்பரை எப்படி இருந்தாலும், பிரஷர் ஏறத்தான் செய்யும். இளமையில் வருவது அப்படியல்ல. அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் ஆய்வு ஒரே குடும்பங்களை மூன்று தலைமுறைகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. பெற்றோருக்கு 55 வயதுக்கு முன் வந்த பிரஷர் பிள்ளைகளின் ஆபத்தை வலுவாகக் கூட்டுகிறது, பிந்திய வயதில் வந்தது அவ்வளவாகக் கூட்டுவதில்லை என்று அதிலிருந்து 2017இல் தெரியவந்தது. ஆகவே குடும்ப வரலாறு எழுத உட்காரும்போது பெயருக்குப் பக்கத்தில் வயது இல்லையென்றால் அந்த வரி பாதிதான் முடிந்திருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதர்களுக்கிடையே பிரஷர் அளவு வேறுபடுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதம் வரை மரபணுக்களால் விளக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு மரபணுவின் வேலையாக இருக்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. (பிரஷரை அளக்கும் அலகு) அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ தள்ளிவிடுகின்றன. அதோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே உப்பு, ஒரே உணவு, ஒரே தூக்கப் பழக்கத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள். குடும்பத்திலிருந்து வருவது இரண்டும் சேர்ந்துதான். மாற்ற முடிந்த பங்கு கணிசமானது என்பதால்தான் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்கிறது.

யார் யார் கணக்கில் வருவார்கள்

ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் உங்கள் பெயரை எழுதுங்கள். மேலே அம்மா, அப்பா. பக்கத்தில் உடன்பிறந்தவர்கள். கீழே பிள்ளைகள். இவர்கள் முதல் வட்டம். இவர்களோடு உங்கள் மரபணுக்களில் ஏறத்தாழ பாதி பொதுவானது. அடுத்த வட்டத்தில் தாத்தா, பாட்டி நால்வர், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதர சகோதரிகள். இங்கே பகிர்வு கால் பங்கு. இதற்கு மேல் போக வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

தமிழில் உறவுமுறைச் சொற்கள் இங்கே ஒரு குழப்பம் செய்யும். "மாமாவுக்கு இருந்தது" என்றால் அவர் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா? முன்னவர் ரத்த உறவு, பட்டியலில் வரவேண்டும். பின்னவர் கல்யாணத்தால் வந்த உறவு மட்டுமே என்றால் அவருடைய பிரஷர் உங்கள் மரபணுவைப் பற்றி எதுவும் சொல்லாது. அத்தை, பெரியம்மா, சித்தி எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு. அதனால் உறவுமுறைச் சொல்லை மட்டும் எழுதாமல் "அம்மாவின் தம்பி", "அப்பாவின் அக்கா" என்றே எழுதுங்கள். அம்மா வழி இடப்பக்கம், அப்பா வழி வலப்பக்கம் என்று தாளைப் பிரித்துக்கொண்டால் பின்னால் படிக்க எளிது.

எப்படிக் கேட்பது

"உங்களுக்கு பிபி இருக்கா?" என்ற நேரடிக் கேள்விக்குப் பெரும்பாலும் தவறான பதில்தான் கிடைக்கும். மாத்திரை போட்டு அளவு சரியாக இருப்பவர் "இல்லையே" என்பார், ஏனென்றால் இப்போது அவருக்கு நார்மல். ஒரு பேச்சு இப்படிப் போகும்:

"பாட்டி, தாத்தாவுக்கு பிரஷர் இருந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்."

"தினமும் மாத்திரை ஏதாவது போட்டாரா?"

"காலையில ஒண்ணு போடுவார். அது தலைசுத்தலுக்கு."

"எப்போ இருந்து?"

"உங்கப்பா பத்தாவது படிக்கிறப்பவே போட்டுட்டு இருந்தாரே."

இப்போது கணக்கு போடலாம். அப்பா பத்தாவது படித்தபோது தாத்தாவுக்கு 44 வயது. தினமும் ஒரே மாத்திரை, பல வருடம். 44 வயதுக்குள்ளேயே பிரஷர் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழைய மருந்துச் சீட்டு வீட்டில் எங்காவது இருந்தால் உறுதிசெய்துகொள்ளலாம்.

ஆண்டைக் கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். வீட்டு நிகழ்ச்சியோடு கோத்துக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள்: யாருடைய கல்யாணத்துக்கு முன்பா பின்பா, எந்தக் குழந்தை பிறந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெறும் முன்பா.

நோயின் பெயரும் அப்படித்தான். பக்கவாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு", "வாய் கோணிப் போச்சு", "பேச்சு வரல" என்பார்கள். "நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தார், போயிட்டார்" என்பது மாரடைப்பாக இருக்கலாம். "உடம்பெல்லாம் வீங்கி, மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணினாங்க" என்றால் சிறுநீரகம். சொன்னவரின் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நோயின் பெயரை டாக்டர் வைக்கட்டும். நாமாக மொழிபெயர்த்து எழுதும்போதுதான் தப்பு நேர்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஐந்து விவரம் போதும்: பிரஷர் தெரியவந்த வயது, எத்தனை மாத்திரை போடுகிறார், பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்ததா, எந்த வயதில், சிறுநீரகத்தில் அல்லது சர்க்கரையில் கோளாறு உண்டா. பெண்களிடம் கூடுதலாக ஒரு கேள்வி கட்டாயம்: கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியதா, வலிப்பு வந்ததா, அதனால் குழந்தையைச் சீக்கிரமே எடுக்க வேண்டியிருந்ததா? இதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் "அது பிரசவத்தோட போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படி வந்திருந்தால் உங்கள் கர்ப்பத்திலும் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. வந்தவருக்கும் பிற்காலத்தில் நிலையான பிரஷர் வரும் ஆபத்து அதிகம்.

எழுதி முடித்த வரி இப்படி இருந்தால் நல்லது: "அப்பாவின் அண்ணன். பிரஷர் 41 வயதில். மூன்று வகை மாத்திரை. 53 வயதில் பக்கவாதம். சர்க்கரை இல்லை. இப்போது 66." ஒருவரைப் பற்றித் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். "இல்லை" என்று எழுதினால் பொருளே மாறிவிடும். தத்தெடுக்கப்பட்டவர்கள், உறவினரோடு தொடர்பு இல்லாதவர்கள் இந்தத் தாளை வெறுமையாக விட்டுவிட்டு நேராக அளவெடுக்கும் பகுதிக்குப் போகலாம். உங்கள் கையில் எடுத்த அளவுக்கு எந்தக் குடும்ப வரலாறும் ஈடாகாது.

தாளைப் படிப்பது

முதல் வட்டத்தில் ஒருவருக்கு 55 வயதுக்கு முன் வந்திருந்தால் உங்கள் ஆபத்து சராசரியைவிடக் கூடுதல். அம்மா, அப்பா இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடுதல். ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன்போ, பெண் உறவினருக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனியாக அடிக்கோடிடுங்கள். உங்கள் பிரஷருக்கு எப்போது மருந்து தொடங்குவது என்ற முடிவையே அது மாற்றக்கூடும்.

சில வடிவங்கள் கண்ணில் பட்டால் வழக்கமான பரம்பரையைத் தாண்டி யோசிக்க வேண்டும். இவை அரிதானவை. ஆனால் தவறவிட்டால் இழப்பு பெரிது, கண்டுபிடித்தால் சிகிச்சையே வேறு.

30 வயதுக்குள் பிரஷர், அதோடு ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. இந்தச் சேர்க்கை குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். அதில் ஒரு வகை, குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே அடங்கிவிடும். அந்தக் குடும்பங்களில் இளம் வயதிலேயே மூளையில் ரத்தக்கசிவு வருவதுண்டு. லிடில் நோய்க்குறி என்ற மற்றொன்றும் வெளித்தோற்றத்துக்கு இதேபோல் இருக்கும். ஆனால் அதில் கோளாறு சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சும் இடத்தில், அதற்கு அமிலோரைடு போன்ற மருந்துதான் பலன் தரும்.

"அவங்க வீட்ல எல்லாருக்கும் கிட்னில கட்டி கட்டியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அது நீர்க்கட்டிச் சிறுநீரக நோயாக இருக்கலாம். அதன் பரவலான வகையில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. சிறுநீரகம் கெடுவதற்கு வெகு முன்பே பிரஷர் ஏறிவிடும். இந்தக் குடும்பங்களில் மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்தவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போகிறதா? அல்லது "சின்ன ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தாங்க, பிரஷர் எகிறிடுச்சு" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருக்கிறதா? அட்ரீனல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். உங்களுக்கு ஏதாவது அறுவைச் சிகிச்சை திட்டமிடப்பட்டால் அதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் அளவை நீங்களே எடுப்பது

பிரஷருக்கு அறிகுறி இருக்கும் என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. குடும்பத்தில் இருப்பவர்கள் 18 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவு எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு 3 வயதிலிருந்தே ஆண்டுதோறும் பார்க்கச் சொல்வது நல்லது. அவர்களுக்கு வயது, உயரம் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்கப்படும் என்பதால் பெரியவர்களின் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மெஷின் வாங்கும்போது மேற்கையில் கட்டும் வகையை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் பட்டையின் அளவு. ஒரு டேப் எடுத்து தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். 27 முதல் 34 செ.மீ. என்றால் சாதாரணப் பட்டை. அதற்கு மேல் 44 வரை பெரிய பட்டை வேண்டும். 36 செ.மீ. கையில் சாதாரணப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரை அது காட்டும். பட்டை சின்னதாகிவிட்டதால் மாத்திரை தொடங்கியவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவெடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், நிறைந்த பை அளவை ஏற்றும். சாய்மானம் உள்ள நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசைமேல் வைத்து, பட்டை நெஞ்சின் நடு உயரத்துக்கு வருமாறு பாருங்கள். கை பத்து செ.மீ. கீழே தொங்கினால் அளவு 7 அல்லது 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். சட்டைக் கையை மடித்து இறுக்க வேண்டாம், கழற்றிவிட்டே கட்டுங்கள். அளவு ஓடும்போது பேசக்கூடாது, பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

முதல் நாள் இரண்டு கையிலும் எடுங்கள். எந்தக் கையில் அதிகமோ இனி அந்தக் கையிலேயே எடுக்க வேண்டும். இரண்டு கைக்கும் இடையே மேல் அளவில் (இரண்டு எண்ணில் பெரியது) 10க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிறகு ஏழு நாள். காலையில் எழுந்து, மாத்திரை போடுபவராக இருந்தால் அதற்கு முன், சாப்பிடும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். இரவு படுக்கும் முன் அதேபோல் இரண்டு முறை. எல்லா எண்ணையும் எழுத வேண்டும். அதிகமாகக் காட்டியதை "அது கணக்கில்லை" என்று விட்டுவிட்டு மறுபடி எடுத்து எழுதினால் ஒரு வாரப் பாடும் வீண். முதல் நாளின் நான்கு எண்களை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி 24 எண்களுக்குச் சராசரி போடுங்கள். முதல் நாள் பதற்றம் எல்லோருக்கும் இருக்கும்.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்றே பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டல்கள் எடுத்துக்கொள்கின்றன. மருத்துவமனையில் எடுத்த அளவுக்கு அந்த எல்லை 140/90. அமெரிக்காவில் 2017இலிருந்து இரண்டுக்கும் 130/80. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று எல்லையைத் தொட்டாலே போதும், இரண்டும் தொட வேண்டியதில்லை. சராசரி 131/83 என்று வந்து, அப்பாவுக்கு 40 வயதில் வந்திருந்தால், எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு வருடம் விட்டுவிடாமல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொரு வாரம் எடுத்துப் பாருங்கள்.

180/120க்கு மேல் காட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதாவது ஒன்று இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

குடும்பத் தாள், ஏழு நாள் எண்கள், நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் பட்டியலில் வலி மாத்திரையும் வரவேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை எல்லாமே பிரஷரை ஏற்றக்கூடியவை. இருமலுக்கென்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து பிரஷர் ஏறும். மேலே சொன்ன ஹார்மோன் கோளாறு போலவே அது தோற்றம் காட்டும், அதனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வழக்கமாகக் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் ஆல்புமின், ஈசிஜி. குடும்பத்தில் இளம் வயது பிரஷரும் உங்களுக்குப் பொட்டாசியம் குறைவும் சேர்ந்திருந்தால் "ஆல்டோஸ்டிரோன் பார்க்க வேண்டுமா?" என்று நீங்களே கேட்கலாம். சாதாரண பிரஷருக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை.

வீட்டில் வேறொருவரின் பிரஷர் மாத்திரையை எடுத்துப் போடும் பழக்கம் பெரிய ஆபத்து. ஒரே நோய் என்றாலும் மருந்து ஆளுக்கு ஆள் வேறு. குறிப்பாக "ப்ரில்" என்றும் "சார்டன்" என்றும் முடியும் மருந்துகள், அதாவது எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை, கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால் முதல் பரிசோதனையிலேயே சொல்லுங்கள். தேவைப்படுபவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் 16ஆவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும், ஆறாம் மாதத்தில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

மாற்ற முடிந்த பாதி

"ரத்தத்திலேயே இருக்கு, என்ன செஞ்சாலும் வரத்தான் போகுது" என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அது உண்மையில்லை. பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நல விவரங்களைச் சேர்த்துவைத்திருக்கும் யுகே பயோபேங்க் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களிலும் நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்கு பிரஷர் குறைவாகவே இருந்தது.

உப்பிலிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன். உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிய, புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். ஒரு கிலோ, நான்கு பேர், 30 நாளில் தீர்ந்தது என்றால் 1000ஐ 4ஆல் வகுத்து, பிறகு 30ஆல் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 8.3 கிராம். காய் வேகவைத்து வடித்த நீரில் கொஞ்சம் போயிருக்கும், ஆனால் வெளியில் சாப்பிட்டதும் பாக்கெட் தீனியும் இதில் சேரவில்லை. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். திடீரென்று பாதியாகக் குறைத்தால் ஒரு வாரத்தில் எல்லோரும் பழையபடி திரும்பிவிடுவார்கள். வாரத்துக்கு கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு நல்ல வழி. 2021இல் வெளியான சீனக் கிராமங்களின் ஆய்வில் அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ப்ரில், சார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும்.

எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைவதற்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. குறையும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. மது குடிப்பவர் குறைத்தாலே சில வாரங்களில் எண்ணில் தெரியும். சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, பகலில் தூங்கி விழுபவர் வீட்டில் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்குப் பின்னால் பல நேரம் அதுதான் இருக்கும்.

எழுதிய தாளைப் படம் எடுத்து உடன்பிறந்தவர்களுக்கு அனுப்புங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு வயது, ஒரு பழைய மருந்துச் சீட்டு அவர்களிடம் இருக்கும். யாருக்காவது புதிதாக பிரஷர் தெரியவந்தால் அன்றே பெயர், வயது, தேதி சேர்த்துவிடுங்கள். உங்களுக்கே வந்தால், அது உங்கள் பிள்ளைகளின் தாளில் முதல் வட்டத்தில் போய் உட்காரும் வரி. எத்தனை வயதில் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.